உப்பும் சீனியும் சிவப்பாக அழுதன

தூத்துக்குடியில் எலிக்கு வைத்தியம் பார்த்துக் குணப்படுத்திய முதல் ஆள் நான்தான். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மருந்து கலக்குவார்.

பொய். கம்பவுண்டர் என்னிடம் முதலில் கேட்டது, "கேட்டச் சாத்திட்டுப் போறியா, கல்ல எடுக்கவா?" என்பதைத்தான். எலிகளும் பிழைக்கவில்லை. ஒன்பது வயதில் இந்தப் பொய்யைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். உங்களுக்கும் என் வயதுதான். பாதி காதில் விழாது, விழுந்த பாதியும் நாளைக்கு நினைவிருக்காது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள் இருக்கிற வால்வு கெட்டுக்கொண்டு வருகிறது என்றார். எங்கள் வீட்டில் வால்வு என்றால் சைக்கிள் டியூபில் இருப்பது. "எங்க அக்காவுக்குக் காத்து எறங்குதாம்" என்று நான் தெருவில் சொல்லி, அம்மாவிடம் அகப்பையால் வாங்கினேன். அக்கா ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இடுப்பில் ஊசி. போட்ட பக்கத்துக் காலை இரண்டு நாளைக்கு ஊன்ற முடியாது. ஊசி என்றதும் அக்கா கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். அப்பா, அம்மா, மாதா கோயில் சாமியார், யார் சொன்னாலும் விடமாட்டாள். சித்தப்பா வந்து, "வா மக்கா, ரெண்டு பேருமாப் போயி அந்த டாக்டர ஒரு கை பாத்துட்டு வந்துருவோம்" என்றால்தான் கையை எடுப்பாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா ஆஸ்பத்திரி வரை நடப்பார். அவர் இல்லாவிட்டால் ஊசி இல்லை. ஊசி இல்லாவிட்டால் அக்கா இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சித்தப்பா தோணிகளுக்குக் கலப்பத்து அடிக்கும் மேஸ்திரி. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு தட்டித் தட்டித் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. கரையேற்றிய தோணியின் வயிற்றில் காதை வைத்து, விரலால் தட்டிப் பார்த்து, எந்தப் பலகையைப் பூச்சி அரித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். உடைத்துப் பார்த்தால் அங்கே பூச்சி இருக்கும். இதனால் அவர் எதைத் தட்டிப் பார்த்து எதைச் சொன்னாலும் எங்கள் தெரு நம்பியது. பிள்ளைத்தாய்ச்சியைத் தவிர எல்லாவற்றையும் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அப்பா கொழும்புத் தோணியில் கடலோடி. அந்த வருஷம் மழைக்கு முந்தி ஒரு தடவை வந்தபோது, தேயிலை அடைத்து வரும் பலகைப் பெட்டி ஒன்றைத் தோளில் கொண்டுவந்து அக்காவின் கட்டிலடியில் இறக்கினார். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் இரண்டு வெள்ளை எலிகள், கண்கள் மாதுளை முத்து மாதிரி.

"ஊருல உள்ள எலி பத்தாதுன்னு கடல் தாண்டி வேற கொண்டு வாராவளாக்கும்" என்றாள் அம்மா.

அப்பா அக்காவிடம், "ஏளா, ஒனக்குத்தான் ஓடக் கூடாதுன்னுட்டாவ. இதுக ஓடட்டும், நீ பாத்துட்டுக் கெட" என்றார்.

அக்கா ஒன்றுக்கு உப்பு என்றும் மற்றதுக்குச் சீனி என்றும் பெயர் வைத்தாள். இரண்டும் அவள் கைவழியே ஏறித் தோள்வழியே இறங்கி, சட்டைக்குள் புகுந்து கழுத்துப் பக்கம் தலை நீட்டும். வால் மட்டும் ஈரச் சணல் மாதிரி சில்லென்று இருக்கும். அக்கா சிரிப்பதை அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, எலியைத் திட்டுவதற்காக வந்தவள் போலத் திட்டிவிட்டுப் போவாள்.

இதில் நான் என்ன செய்தேன்? வைக்கோல் நனைந்துவிட்டது என்று, துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி வாசலில் கிடந்த சாக்கு ஒன்றைத் தூக்கிவந்து பெட்டியில் மெத்தையாக விரித்தேன். ஊர் எலிகள் குடும்பத்தோடு படுத்தெழுந்த சாக்கு. மெத்தை எப்படி என்று அக்காவிடம் ஒரு மணி நேரம் பெருமையடித்தேன்.

பத்து நாளில் உப்பு சொறிய ஆரம்பித்தது. பின்னங்காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்தால், தையல் மிஷின் ஓடுகிற வேகம். கழுத்தில் முடி கொட்டியது. தோளில் எள்ளு எள்ளாகப் பொருக்கு. நகம் பட்டுப் பட்டு ஒரு இடம் பிய்ந்து, ஈரமாக, ரோஸ் நிறத்தில் பளபளத்தது. வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தோம். மிளகுத்தூள் சிந்தினது மாதிரி இருந்தது. சிறிது நேரத்தில் அந்த மிளகுத்தூள் நடந்தது.

நான் முதலில் பல்பொடி போட்டேன். பிறகு கோயில் தீர்த்தம் தெளித்தேன். மண்ணெண்ணெயை எடுத்தபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"கூறுகெட்டவனே, மாட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்குல்லா? போயி எலிக்குக் கேட்டுட்டு வா."

அப்படித்தான் கம்பவுண்டரிடம் போய் நின்றேன். அவர் சாயர்புரத்துக்காரர், வெற்றிலை போட்ட வாய். கல் விஷயம் முடிந்த பிறகும் நான் போகாததால் என்னவென்று கேட்டார். சொன்னேன். ஒரு எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"ஏலே, ஊரே எலியக் கொல்ல மருந்து கேக்குது. நீ பொழைக்க வைக்கக் கேக்குத?"

"எங்க அக்கா எலிங்கய்யா. அவளுக்கு வால்வு கெட்டுப் போச்சு."

சிரிப்பை நிறுத்தினார். எருமை வாலையும் விட்டார். பிறகு அவர் சொன்னதை இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் சொல்வேன். என் மூன்று வருஷப் படிப்பில் இப்படி ஒன்றுகூட மனதில் நின்றதில்லை.

"மொதல்ல அந்தச் சாக்க எரி. பெட்டியக் கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல போடு. புண்ண வெதுவெதுப்பா உப்புத் தண்ணியில ஒத்தி எடு, தேய்க்காத. பின்னங்கால் நகத்து நுனிய மட்டும் வெட்டு, உள்ள செவப்பா நூலு மாதிரி ஓடும், அதத் தொட்ட, ரத்தம் நிக்காது. ஒண்ணு சொறியலன்னு விடாத, ரெண்டுக்கும் பாரு."

அப்புறம் ஒரு காகிதத்தில் மஞ்சள் பொடி கொஞ்சம் மடித்துத் தந்தார். கந்தகம்.

"இத ஒரு சிட்டிகை, தேங்காண்ணெய்ல கொழச்சு மெல்லிசாத் தடவு. தடவின ஒடனே விட்டுட்டா நக்கிரும். துணியில சுருட்டிக் கொஞ்ச நேரம் வச்சிருந்து, தொடச்சிட்டு விடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கலே. எலி மேல எதப் போட்டாலும் அது எலி வயித்துக்குத்தான் போவும். நீ ஒன் வாயில வைக்க மாட்டேன்னா, அத அது முதுகுல வைக்காத."

வைத்தியம் தொடங்கியது. நகம் வெட்டுவது அக்கா, பிடிப்பது நான். சாம்பிராணி டப்பா மூடியில் உப்புத் தண்ணீர், பழைய வேட்டிக் கிழிசல், அப்பா எழுதாமல் போட்ட பேனாவின் மை உறிஞ்சி. சீனி என் கட்டைவிரலை ஒரு கடி கடித்தது. நான் கத்தியதில் பக்கத்துத் தெருக் கோழி அடைவிட்டு எழுந்தது. எண்ணெய் தடவிச் சுருட்டியதும் எவ்வளவு நேரம் வைத்திருப்பது? வீட்டில் கடிகாரம் கிடையாது. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு எலியை மடியில் வைத்துக்கொண்டு, செபமாலையை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்வது. செபமாலை முடிந்தால் துடைத்து விட்டுவிடலாம். துண்டுக்குள்ளிருந்து இரண்டு மூக்குகள் மட்டும் வெளியே துடித்துக்கொண்டிருக்க, "அருள் நிறைந்த மரியாயே" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் சொன்னோம். அக்காவுக்கு இவ்வளவு பக்தி வந்துவிட்டதே என்று அம்மா கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

உப்புக்குப் புண் காய்ந்தது. கழுத்தில் முடி, மொட்டையடித்த குழந்தைத் தலை மாதிரி, தொட்டால் தெரிகிற அளவுக்கு முளைத்தது. அதோடு எனக்கும் இரண்டு கொம்பு முளைத்தது. எலி டாக்டர் என்று நானே பட்டம் சூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஒரு நொண்டிக் கோழிக்கும், ஒரு ஆட்டின் காதுக்கும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் முழங்காலுக்கும் கந்தகம் தடவினேன். வைத்தியம் என்றால் நான், நான் என்றால் கந்தகம் என்று ஊருக்கே தெரிந்துபோனது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் புரிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள், மூன்றாம் எண். அப்பாவின் தோணி வர வேண்டிய நாள் தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த ஈரத்தில் அக்காவுக்கு மூட்டெல்லாம் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கச் சொன்னார்கள். அம்மா கூடப் போனாள். சித்தப்பா அக்காவைத் தோளில் தூக்கினார். வாசல் தாண்டும்போது அவர் தோளுக்கு மேலாக அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏலே, நான் வாரவரைக்கும் ரெண்டையும் நல்லாப் பாத்துக்க. நீதான டாக்டரு."

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

வீட்டில் நான், சித்தப்பா, இரண்டு எலிகள். அக்காவின் கட்டில்மேல் கூரை ஒழுகியதால் பெட்டியை வாசல் பக்கம் கொண்டுவந்து வைத்தேன். அங்கே காற்று, இடி, போகிறவன் வருகிறவன் குரல். இரண்டும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. அடுத்த நாள் காலையில் உப்பின் கண்ணோரம் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மூக்கிலும் அதேபோல. துடைத்தால் துணியில் ரத்தம் மாதிரி. துடைத்த கொஞ்ச நேரத்தில் திரும்பவும். மத்தியானம் சீனிக்கும் வந்தது.

எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மாமி அதைப் பார்த்துச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாதாவே! ரத்தக் கண்ணீருல்லா விடுது!"

நம் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதா சுரூபம் கண்ணீர் விட்டது என்று யாராவது சொன்னால், எந்த ஊரானாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆட்கள். வெள்ளை நிறத்தில் ஒன்று, சிவப்பாக அழுகிறது, கடலுக்குப் போனவன் வீட்டில். சாயங்காலத்துக்குள் வாசலில் இருபது செருப்பு. யாரோ பெட்டிமேல் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்கள். எதிர்வீட்டு மாமி வெள்ளைக் கைக்குட்டையால் சீனியின் முகத்தைத் துடைத்து, அதை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கோயில் உபதேசியார் வந்தார். "மிருகத்துக்கு ஆத்துமம் கெடையாது, அது அழாது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். கால் மணி நேரம் கழித்து, கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக வந்து, "எந்த எலிடே அழுதது?" என்று என்னிடம் கேட்டுக் குனிந்து பார்த்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொருவருக்கும் எலியை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் காட்டினேன். என் எலி, என் வைத்தியம், என் அதிசயம். ஆள் வர வர அவை அதிகமாக அழுதன. அழ அழ ஆள் அதிகமாக வந்தது.

மூன்றாம் நாள் காற்று திசை மாறியது, கூட்டத்தின் மனசும் மாறியது. அப்பாவின் தோணியிலேயே போயிருந்த இன்னொரு கடலோடியின் பெண்சாதி, கைப்பிள்ளையோடு வந்து வாசலில் நின்றாள். மழையில் முழுக்க நனைந்திருந்தாள். மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், எலிகளைப் பார்த்தாள்.

"இத வச்சா கும்பிடுதிய? இது தோணிக்காக அழுதுளா! இது அழ அழ அங்கன தோணி தாழுது. எம் புருசன் அதுல இருக்காவ. கடல்ல தூக்கிப் போடுங்க இத!"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்த எதிர்வீட்டு மாமியே, "அவ சொல்லுததும் சரிதானே" என்றாள். இரண்டு பேர் பெட்டியைத் தூக்கவே தூக்கிவிட்டார்கள். நான் பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்த சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எறக்கு பெட்டிய. எறக்குலே! எங்க புள்ள எலி இது. அது வந்து கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"அப்ப தோணிக்கு யாரு பதில் சொல்லுவா மேஸ்திரி?"

சித்தப்பா உப்பை எடுத்தார். காதுப் பக்கம் கொண்டுபோய், நகத்தால் அதன் முதுகை மெள்ளத் தட்டிக் கேட்டார். கூட்டம் கிட்டே நெருங்கியது. தோணி வயிற்றில் அவர் காது வைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்களே.

"அழுகையும் இல்ல, ஒரு எளவும் இல்ல. இதுக்கு அரிப்புப் பூச்சி இருந்துச்சு. இந்தப் பய மேலுக்குக் கொன்னுட்டான். மிச்சம் உள்ள எறங்கிருச்சு. பலகையில துளை விழுந்தா தண்ணி கசியுமா இல்லையா? இதுக்கு ரத்தம் கசியுது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நிப்பாட்டிக் காட்டுதேன். நிக்கலன்னா நானே கடல்ல போடுதேன்."

கூட்டம் கலைந்தது. அவர் மட்டும் அப்படிச் சொல்லாவிட்டால் எலிகள் அன்றைக்கே கடலில். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் தோணித் துறையிலிருந்து சித்தப்பா ஒரு சிரட்டையில் கருப்பாக எண்ணெய் கொண்டுவந்தார். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது. பூச்சி அரிக்காமல் இருக்கத் தோணியின் அடியில் பூசுவார்கள். பூசுகிறவன் கையில் பட்டால் தோல் உரியும். அதனால் கையில் தேங்காய் எண்ணெயும் சாம்பலும் தேய்த்துக்கொண்டுதான் தூரிகையைத் தொடுவார்கள். சித்தப்பா அதில் நல்லெண்ணெய் ஊற்றித் தண்ணியாக்கினார். "அளவு தெரியாதா எனக்கு? இது குட்டித் தோணி, அவ்வளவுதான்."

எனக்குக் கம்பவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வராமல் என்ன? வாயில் வைக்க முடியாததை முதுகில் வைக்காதே. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது சித்தப்பா சிரித்துக்கொண்டே, "டாக்டர் அய்யா, நீங்க புடிங்க. ஒங்க கைக்குத்தான் அடங்கும்" என்றார்.

ஊரில் ஒரு பெரிய மனுஷன் என்னை அய்யா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன். பிடித்தேன்.

கயிற்றுத் தூரிகையால் முதுகு, கழுத்து, வயிறு என்று பூசினார். வெள்ளை எலி தவிட்டு நிறமானது. உப்பு கத்தவில்லை, பல்லை மட்டும் நறநறவென்று கடித்தது. அதன் நெஞ்சு என் விரலுக்குள் அடித்த அடி இன்னும் என் விரலில் இருக்கிறது. சீனி கத்தியது. சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை. "பொறு மக்கா, பொறு, பொறு" என்று எலியிடம் கெஞ்சிக்கொண்டே பூசினார். சுருட்டி வைக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. பெட்டியில் விட்டோம். இரண்டும் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன.

சீனி மத்தியானத்துக்குள் போய்விட்டது. வாயெல்லாம் வெந்திருந்தது. உப்பு விளக்கு வைக்கிற நேரம் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. சித்தப்பா இரண்டையும் தன் தோள் துண்டில் சுற்றி, தோணித் துறை மணலில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தார். வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் அந்தக் கைப்பிள்ளைக்காரி நின்றாள். "அழுக நின்னுட்டா மேஸ்திரி?" என்று கேட்டாள். "நின்னுட்டு" என்றார்.

அக்கா வரும் நாள் காலையில் அம்மா முந்தி வந்து என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். சித்தப்பா அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

"மக்கா, கேளு. நீ கந்தகத்தக் கூடுதலாப் போட்டுட்டன்னு இருக்கட்டும்."

"நான் போடலம்மா."

"தெரியும்லே. சித்தப்பான்னு தெரிஞ்சா அவ அந்த மொகத்துலயே முழிக்க மாட்டா. அப்புறம் ஊசிக்கு யாரு தூக்கிட்டுப் போவா? ஒங்கிட்ட ரெண்டு நாளு பேசாம இருப்பா. தம்பிதானன்னு அப்புறம் பேசிருவா." அம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "அவ பொழைக்கணுமா வேண்டாமா?"

தெருவுக்கே தெரிந்த கந்தகக்காரன் நான். பொய்யை யாரும் ஜோடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அக்காவைச் சித்தப்பா தூக்கிவந்து கட்டிலில் இறக்கினார். கட்டிலடியில் பெட்டி இல்லாததைப் பார்த்தாள். அம்மா சொன்னாள். சித்தப்பா ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துணியில சுருட்டி வச்சியா? அம்பத்துமூணு மணி முடியுற வரைக்கும் வச்சிருந்தியா?"

"இல்ல" என்றேன். நான் சொன்னதில் அது மட்டும் உண்மை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறு நாள் கழித்து அப்பாவின் தோணி வந்து சேர்ந்தது. புயலுக்குப் பயந்து கொழும்பிலேயே கட்டிப்போட்டிருந்தார்களாம். இங்கே எலிகள் அழுத மூன்று நாளும் அங்கே அவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எலி எங்கே என்று அப்பா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என்னை ஒரே ஒரு அறை அறைந்தார்.

அம்மா சொன்ன இரண்டு நாள் இரண்டரை வருஷம் ஆனது. "அவன வரச் சொல்லுங்க", "அவனத் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்று அக்கா அம்மாவிடம்தான் சொல்வாள். பிறகு ஒருநாள் மழைச்சாரல் அடித்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லாததால், "கதவச் சாத்து" என்றாள். நான் கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்கமாக நின்று அழுதேன். உள்பக்கமாக நின்று சாத்தியிருக்கலாம், நனையாமல் அழுதிருக்கலாம். எனக்கு எப்போதும் புத்தி லேட்.

சித்தப்பா வருஷக்கணக்காக அவளை ஊசிக்குக் கொண்டுபோனார். முதலில் தோளில், பிறகு சைக்கிளில். அக்கா பிழைத்தாள். கல்யாணம் செய்தாள், பிள்ளை பெற்றாள், புருஷனையும் அடக்கம் செய்தாள். டாக்டர் அய்யா என்று சித்தப்பா அதன் பிறகு என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஒருநாள் துறைக்கு அவருக்குத் தேயிலைத் தண்ணீர் கொண்டுபோனேன். தோணியடியில் மல்லாந்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நாற்பது வயது ஆள், பீடியை மறைக்கிற பையன் மாதிரி. அவர் இறந்தபோது பெற்ற பிள்ளைகளைவிட அக்காதான் அதிகம் அழுதாள்.

போன வருஷம் என் பேரன் ஒரு வெள்ளை எலி வாங்கிவந்தான். வந்த அன்றைக்கே அதன் கண்ணோரம் சிவப்பு.  டாக்டரிடம் கொண்டுபோனான், நானும் போனேன். சின்னப் பெண்தான் அந்த டாக்டர். பஞ்சால் துடைத்துக் காட்டி, "இது ரத்தம் இல்ல தாத்தா. கண்ணுக்குப் பின்னால ஊறுற ஒரு சிவப்பு நீர். உடம்புக்கு முடியலைன்னாலும் வரும், பயந்தாலும் வரும். புது இடம்ல? சத்தம் இல்லாம, ஆள் கூட்டம் இல்லாம வைங்க, நின்னுரும்" என்றாள்.

ஆள் கூட்டம் இல்லாமல். நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் கிடந்த இருபது செருப்பும் கண்முன் வந்தது.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் வராது. பேரனின் எலி அவள் வராத கையில் ஏறி விளையாடும். போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்குச் சித்தப்பா கையில குடுத்துட்டுப் போயிருந்தா ரெண்டையும் காப்பாத்திருப்பாவ. ஒன்ன நம்பி விட்டுட்டுப் போனேன் பாரு." நான் சிரித்தேன், வேறென்ன செய்ய?

சொன்னால் சித்தப்பா அவளுக்கு இரண்டாம் தடவை சாவார். சொல்லாவிட்டால் நான் இப்படியே போவேன். சித்தப்பாவை விடுங்கள், பிடித்துக்கொண்டது நான்தான் என்பதையாவது சொல்லிவிடலாம் என்று நேற்றுச் சாயங்காலம் அவள் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அந்த எலி விசயம்..." என்றேன். "என்னலே?" என்று கேட்டாள். நான் வந்து... இருங்கள், உள்ளேயிருந்து அக்கா கூப்பிடுகிறாள்.

"ஏலே! எங்கன போய்த் தொலைஞ்ச? இடுப்பு மரத்துப் போச்சு, வந்து என்னத் திருப்பிப் போடு!"

"இந்தா வாரேன்க்கா."

"வெரசா வா. இந்த எலி வேற பெட்டியத் தொறந்துட்டு எம்மேல ஏறிட்டு. நீ அதத் தொடாத, ஒன் பேரன வரச் சொல்லு."